அந்தப் பொம்மையைத் திருப்புவது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றாரும் சக ஆசிரியர்களும் கடைசி வரை வாசியுங்கள். திட்டுவதென்றால் அதற்குப் பிறகு திட்டுங்கள்.

எங்கள் பாடசாலை வளவில் இடைவேளை நேரத்தில் ஒரு விளையாட்டு நடக்கிறது. ஒரு பிள்ளை வேப்ப மரத்தைப் பார்த்தபடி நிற்கும், மற்றவர்கள் பின்னாலிருந்து ஓடி வருவார்கள். நிற்பவர் சட்டென்று திரும்பும்போது அசைந்தவர் அவுட். எங்கள் சின்ன வயதிலும் இதுபோல விளையாடினோம். இப்போது ஒரு வித்தியாசம், அவுட் ஆன பிள்ளையை விரலால் "சுடுகிறார்கள்". அது மண்ணில் விழுந்து கிடக்க, மற்றவர்கள் தாண்டி ஓடுகிறார்கள்.

இது 'ஸ்குவிட் கேம்' பார்த்து வந்த பழக்கம். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் உம்மாமார் பதறினார்கள். "கொலைப் படம் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப் போகுதுகள், சேர் ஏதாவது செய்யுங்கோ" என்றார்கள். பத்து வயதுப் பிள்ளை பார்க்கக்கூடிய தொடர் அல்ல அது. பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டுப் போகும் வாப்பாமாருக்கும் அதில் பொறுப்பு இருக்கிறது. அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அதே குழுவில், அதே வாரம், இன்னொரு படமும் வந்தது. தரம் 5 புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படங்கள், பெயர், புள்ளியோடு ஒரு பெரிய பெனர். எல்லோரும் மாஷா அல்லாஹ் போட்டோம். அந்தப் பெனரில் இல்லாத பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. விழுந்தவரைத் தாண்டி ஓடும் விளையாட்டைப் பிள்ளைகள் கொரியாவில் இருந்து மட்டுமா படித்தார்கள்?

இந்த வகைப் படங்கள் புதிதல்ல. 2000இல் ஜப்பானில் வந்த 'பேட்டில் ரோயல்' ஒரு வகுப்பு மாணவர்களைத் தீவில் இறக்கி ஒருவரை ஒருவர் கொல்ல வைத்தது. 2012இல் 'ஹங்கர் கேம்ஸ்' வந்தது. 2021 செப்டெம்பரில் வந்த 'ஸ்குவிட் கேம்' கடனில் மூழ்கிய 456 பேரை 4,560 கோடி வொன் பரிசுக்காக மோத விட்டது. இவற்றைப் பார்த்துவிட்டுப் பலரும் சொல்வது ஒன்றுதான்: "மனிசன் இப்படித்தான். உயிர் என்று வந்தால் ஒருத்தனை ஒருத்தன் தின்பான்."

இந்தப் பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. படமே அப்படிச் சொல்லவில்லை. முதல் விளையாட்டு முடிந்ததும் வாக்கெடுப்பு நடக்கிறது. 101க்கு 100 என்ற கணக்கில் வீட்டுக்குப் போகிறார்கள். பிறகு பெரும்பாலானவர்கள் தாங்களாகவே திரும்பி வருகிறார்கள். ஏன்? வெளியே கடன்காரன் நிற்கிறான். நாயகன் ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை இழந்தவன். 2009இல் தென் கொரியாவின் சங்யோங் மோட்டோர் தொழிலாளர் ஆட்குறைப்புக்கு எதிராக 77 நாட்கள் தொழிற்சாலைக்குள் இருந்து போராடி அடித்து நொறுக்கப்பட்டதை மனதில் வைத்தே அந்தப் பாத்திரத்தை எழுதியதாக இயக்குநர் ஹ்வாங் டொங் ஹ்யுக் சொல்லியிருக்கிறார். வெளியே எல்லா வழியையும் அடைத்துவிட்டு, "நீயாகத்தானே வந்தாய்" என்று சொல்வதுதான் அந்த விளையாட்டின் தந்திரம். நுண்நிதிக் கடன் கட்ட முடியாமல் இன்னொரு கடன் எடுத்த எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தத் தொடரில் அலி என்ற பாகிஸ்தான் தொழிலாளியை எங்கள் ஆட்களுக்கு மறக்க முடியாது. வேலையில் விரல்களை இழந்தவன், மாதக் கணக்கில் சம்பளம் கிடைக்காதவன். முதல் விளையாட்டிலேயே, விழப் போன முன்பின் தெரியாத ஒருவனின் உடுப்பைப் பிடித்து நிறுத்திக் காப்பாற்றியவன். பிறகு அண்ணனாக நம்பியவனிடமே ஏமாந்து சாகிறான்.

அது கதை. இது செய்தி: 2025 பெப்ரவரியில் தென் கொரியாவின் நாஜு நகரில் ஒரு செங்கல் தொழிற்சாலையில் இலங்கைத் தொழிலாளி ஒருவரைச் செங்கற்களோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையால் கட்டி, ஃபோர்க்லிஃப்டில் தூக்கினார்கள். பார்த்து நின்றவர்கள் சிரித்தார்கள், படம் பிடித்தார்கள். ஜூலையில் அந்த வீடியோ வெளியானபோது அந்நாட்டு ஜனாதிபதியே கண்டித்தார். அங்கே போவதற்குத்தான் எங்கள் இளைஞர்கள் கொரிய மொழிப் பரீட்சைக்கு இரவு பகலாகப் படிக்கிறார்கள். கூலிக்காரனின் வியர்வை உலர முதல் கூலியைக் கொடு என்ற மார்க்கத்தில் வளர்ந்த நாங்கள், அலியைப் பார்த்து அழுவதோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

"மனிசன் மனிசனைத் தின்பான்" என்பதற்கு எங்கள் கரையே சாட்சி சொல்லட்டும். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவில் இருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். எங்களில் பலர் புத்தளத்து முகாம்களில் பிறந்தவர்கள். அந்த நாளைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறோம். அழுது வழியனுப்பிய தமிழ் அயலவர்களைப் பற்றியும் சொன்னார்கள், விட்டு வந்த வீட்டின் கதவும் ஓடும் காணாமல் போனதையும் சொன்னார்கள். இரண்டும் உண்மை. ஆனால் போகச் சொன்ன கட்டளை அயல் வீட்டில் இருந்து வரவில்லை, துப்பாக்கி வைத்திருந்தவர்களிடம் இருந்து வந்தது.

புத்தளத்து மக்கள் சோறு தந்தார்கள், காணி தந்தார்கள். வருடங்கள் போக, வேலையும் தண்ணீரும் பாடசாலை இடமும் எல்லோருக்கும் போதாமல் போனபோது அங்கேயும் முறுகல் வந்தது. மனிதர்கள் அதே மனிதர்கள்தான். பங்கு சுருங்கியது.

2022ஐ நினைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெய் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்றோம். நாட்டில் வரிசையிலேயே வயதானவர்கள் செத்துப் போனார்கள். மார்ச் 22ஆம் திகதி மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் 16 பேர் இரண்டு தொகுதியாகக் கடல் கடந்து தமிழ்நாடு போனார்கள். ஒரு தொகுதி, கைக்குழந்தையோடு, அரிச்சல்முனைக்கு அருகே மணல் திட்டில் இறக்கி விடப்பட்டு, இந்தியக் கரையோரக் காவற்படையால் மீட்கப்பட்டது. அந்த மாதங்களில் சண்டையும் நடந்தது, பதுக்கலும் நடந்தது. ஆனால் அடுத்தவருக்கு இடம் பிடித்து வைத்தவர்களும், அரைப் போத்தல் எண்ணெயைப் பகிர்ந்தவர்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள். வரிசையை உண்டாக்கியவர்கள் மட்டும் அந்த வரிசையில் நிற்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருவோம். ஒவ்வொரு வருடமும் சுமார் மூன்று லட்சம் பிள்ளைகள் புலமைப்பரிசில் எழுதுகிறார்கள். சுமார் 20,000 பேருக்கு உதவித்தொகை. மாதம் 750 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 1,500 ஆனது. அதற்காக ஓடும் பிரத்தியேக வகுப்புகளுக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். தரம் 3இலேயே தொடங்குகிறோம். பின்னேர விளையாட்டு இல்லை, லீவு இல்லை, குர்ஆன் மதரஸாவுக்கும் விடுமுறை.

"போட்டி இல்லாமல் உலகம் இல்லை சேர். ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலைக்குப் போக இது ஒன்றுதானே வழி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கன்னங்கரா காலத்து இலவசக் கல்வியோடு வந்த இந்தப் பரீட்சையால் எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் மேலே வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரே வழி என்று ஏன் ஆனது? தீவிலும் பெருநிலப்பரப்பிலும் இருக்கும் சின்னப் பாடசாலைகளுக்குக் கணித ஆசிரியர் இல்லை, விஞ்ஞான கூடம் இல்லை என்பதால்தானே? வள்ளம் ஓட்டையாக இருக்கும்போது அதை அடைக்காமல், உள்ளே இருப்பவர்களில் யார் நன்றாக நீந்துவார்கள் என்று போட்டி வைக்கிறோம். நீந்திக் கரை சேர்ந்தவனுக்கு மாலை போடுகிறோம். மற்றவன் முயற்சி செய்யவில்லை என்கிறோம்.

2023இல் நெட்ஃப்ளிக்ஸ் அந்த விளையாட்டையே நிஜ மனிதர்கள் 456 பேரை வைத்துப் போட்டி நிகழ்ச்சியாக நடத்தியது. பரிசு 45 லட்சத்து 60 ஆயிரம் டொலர். கதையில் முகமூடியோடு கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்த பணக்காரர்களின் இடத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். நாங்களும் உட்கார்ந்து பார்த்தோம். பெனருக்கு முன்னால் நிற்கும்போதும் அதே இடத்தில்தான் நிற்கிறோம்.

நாங்கள் குற்றவாளிக் கூண்டுக்கு வெளியே நின்று பேசவில்லை. கல்வியியற் கல்லூரியில் பிள்ளை உளவியல் படித்துப் பரீட்சை எழுதிவிட்டு வந்து, வகுப்பில் "புலமைக்கு வரக்கூடிய பிள்ளைகள்" என்று முன் வரிசையில் ஐந்தாறு பேரை இருத்தியவர்கள் நாங்கள்தான். பெறுபேறு வந்த பிறகு ஒரு பிள்ளை ஒரு கிழமை பாடசாலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது அது சொன்னது: "நான் அவுட் தானே சேர்." வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளி குறைவு. வயது பத்து.

அதனால் சில விடயங்களை இந்த வருடத்தில் இருந்து நாங்கள் செய்யப் போகிறோம். பெனருக்குக் காசு சேர்த்தால் நாங்கள் தரமாட்டோம், அந்தக் காசை வாசிகசாலைக்குத் தாருங்கள் என்று கேட்போம். பிள்ளைகளின் புள்ளியை எந்தக் குழுவிலும் போடமாட்டோம். முன் வரிசையைக் கிழமைக்கு ஒருமுறை மாற்றுவோம். பாடசாலை அபிவிருத்திக் கூட்டத்தில், எத்தனை பேர் சித்தி என்று கேட்பதற்கு முன்னால், தரம் 5 முடித்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு ஆசிரியர் எங்கே என்று கேட்போம். வலயக் கல்விப் பணிமனைக்கும் அதையே எழுதுவோம். பெற்றாரும் சேர்ந்து கையெழுத்து வைத்தால் இன்னும் நல்லது.

வளவில் நடக்கும் அந்த விளையாட்டை நாங்கள் தடை செய்யவில்லை. ஒரு விதியை மட்டும் மாற்றினோம். விழுந்தவரைக் கை கொடுத்து எழுப்பினால் அவர் திரும்பவும் ஓடலாம். முதல் நாள் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். இப்போது மணி அடித்தும் வகுப்புக்கு வராமல் அதைத்தான் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.