செவிப்புலனுக்குத் தமிழ் வேண்டாமா?

மொழியுரிமை பற்றி முழங்குவோர் கச்சேரியையும் நீதிமன்றத்தையும் பொலிஸ் நிலையத்தையும் எடுத்துக்காட்டுவர். தமிழ் நுழைந்தே தீரவேண்டிய இன்னோர் இடமும் உண்டு. அது வைத்தியசாலையின் மூலையிலே வெளியோசை புகாவாறு அடைக்கப்பட்ட ஒரு சிற்றறை. காது மந்தமானவரை அங்கே அமர்த்தி, அவர் எதனைக் கேட்கிறார், எதனைக் கேட்கவில்லை என அளந்தறிபவர் செவிப்புலவியலாளர். வைத்தியசாலை வழக்கிலே அவர் ‘ஓடியோலொஜிஸ்ட்’. நோயாளியின் மொழியை அவர் அறியாவிடின் நிகழ்வது யாது? நம் தலைவர்களுள் எவரேனும் இதனைச் சிந்தித்ததுண்டா?

சோதனையின் முதற்பகுதி வெறுந் தொனிகளாலானது. 250 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைச் செவியிற் செலுத்தி, கேட்டவுடன் பொத்தானை அழுத்தச் சொல்வர். இதற்கு மொழி எதற்கு என்பார் உளர். “மிக மெல்லிதாய்க் கேட்டாலும் அழுத்துங்கள் அம்மா” என்று எழுபது வயது மூதாட்டிக்கு விளங்கவைப்பது எம்மொழியிலோ? இரண்டாம் பகுதியோ முற்றிலும் மொழியே. சோதிப்பவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, நோயாளி அதனைத் திருப்பிச் சொல்லவேண்டும். ‘பல்’ என்றதைக் ‘கல்’ என்கிறாரா, ‘மீன்’ என்றதை ‘மான்’ என்கிறாரா என்பதைக் கொண்டே, பேச்சை அவர் எவ்வளவுக்கு உணர்கிறார், கருவி அவருக்கு எவ்வளவுக்குப் பயன்படும் என்பன துணியப்படும்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதுமே என்று வாதிப்பர் சிலர். போதாது! அரைகுறையாக ஒலித்த சொல்லை அம்மொழிபெயர்ப்பாளர் தம்மையறியாமலே திருத்தி, “சரியாகச் சொல்லிவிட்டார்” என்பார். வழுவைச் செவிமடுக்க வேண்டியவர் சோதிப்பவரே. வழுவை மறைக்கும் சோதனை சோதனையாகுமா?

தமிழகத்திலிருந்து சொற்பட்டியலை வரவழைத்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. அங்கும் தமிழே, ஆயினும் நம் நாவும் செவியும் பழகிய தமிழ் வேறு. யாழ்ப்பாணத்தார் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். ‘வழி’ என்றதை ‘வளி’ எனத் திருப்பிச் சொல்பவரைச் செவிடர் என்று குறித்துக்கொள்வதா? மட்டக்களப்பின் வழக்கு வேறு, மலையகத்தின் வழக்கு வேறு. ஆதலின் ஈழத்துப் பேச்சுவழக்குகளை ஆராய்ந்து, இம்மண்ணின் மக்களிடமே சோதித்துத் தேர்ந்த பட்டியல் வேண்டும். அதனைச் செய்யவல்லவர் இத்துறை கற்ற தமிழரன்றி வேறு யார்?

பிறவியிலேயே கேளாத குழந்தையை எண்ணிப் பாருங்கள். முதல் மாதத்துள் பரிசோதனை, மூன்றாம் மாதத்துள் நோய்நிர்ணயம், ஆறாம் மாதத்துள் சிகிச்சை என்பது உலகம் ஏற்ற நெறி. மொழி வேரூன்றும் அப்பருவம் கழிந்துவிட்டால் இழந்ததை மீட்பது அரிது. வன்னியில் ஒரு தாய், பிள்ளை ‘பிந்திப் பேசும்’ என்று அயலார் கூறக் கேட்டுக் காத்திருக்கிறாள். அவளுக்கு உண்மையை அவள் மொழியிற் பக்குவமாய் எடுத்துரைப்பவர் யார்? 2009 இல் முடிந்த போரிலே குண்டோசையாற் செவிப்பறை கிழிந்தோரும் நரம்பு நலிந்தோரும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுக்குக் கருவி விற்கும் கடைக்காரர் மட்டும் போதுமா?

இப்பயிற்சிக்கு வழியே இல்லையெனச் சாக்குச் சொல்லவும் இயலாது. களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் றாகமையில் இருக்கிறது. பேச்சு, கேட்டல் விஞ்ஞானத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு அங்கே ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. கடல்கடந்தால், 1965 இல் மைசூரில் எழுந்த அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவகமும், 2005 இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் அமைந்த தேசிய நிறுவகமும் உள்ளன. பௌதிகமும் உடற்கூற்றியலும் மொழியியலும் உளவியலும் ஒருங்கே பயிலும் படிப்பு இது. பட்டத்தோடு மருத்துவச் சபையிற் பதிவு, வைத்தியசாலையிற் பதவி, மேற்படிப்பு, ஆராய்ச்சி என உயரும் படிகளும் உண்டு.

ஆனால் நம்மவர் செய்வதென்ன? டொக்டர், இன்ஜினியர் என்னும் இரு சொற்களன்றி மூன்றாவது சொல் நம் பெற்றோர் காதில் ஏறுவதில்லை! உயர்தரப் பரீட்சையிற் சில புள்ளிகள் குறைந்த பிள்ளையை மீண்டும் மீண்டும் பரீட்சைக்கு இருத்தி இளமையைக் கரைக்கின்றனர். செவியிருந்தும் கேளாத இவர்களை எக்கருவியால் அளப்பது?

அரசாங்கத்தின் பொறுப்பு இதனினும் பெரிது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் தமிழைத் தள்ளிவைத்தது. 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென ஏற்றது. ஊனமுற்றோர் உரிமையைக் காக்க 1996 இல் 28 ஆம் இலக்கச் சட்டமும் பிறந்தது. தாளில் எழுதிய உரிமை அச்சிற்றறையின் வாயிலிலேயே நின்றுவிடலாமா? வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் பெரிய வைத்தியசாலைதோறும் தமிழறிந்த செவிப்புலவியலாளருக்கு நிரந்தரப் பதவி ஒதுக்குக. தாதியியலும் மருந்தாக்கவியலும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமும் கற்பிக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இத்துறையையும் நிறுவுக. கற்றுத் தேர்ந்தோர் வெளிநாடு செல்லாதிருக்கத் தக்க ஊதியமும் கருவிகளும் தருக.

மாணவர்களே! மேடையேறித் தமிழுக்காக முழங்குவது எளிது. தமிழையே கேளாத ஒரு குழந்தையின் காதில் முதற் தமிழ்ச் சொல்லை விழச் செய்வதும் தமிழ்ப்பணியே. அப்பணிக்கு ஆட்கள் வேண்டும். முன்வருவீர்களா?