அந்த அலைவரிசையைச் சும்மா விடுங்கள்

விடுமுறைக்கு வந்திருந்த பேரன் போன வாரம் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்க வானத்தில் பறக்கும் விமானி ஒருவர் ரேடியோவில் "மியாவ்" என்கிறார். இன்னொருவர் பதிலுக்கு "மியாவ்" என்கிறார். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அது எந்த அலைவரிசை தெரியுமாடா?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அது 121.5 மெகாஹெர்ட்ஸ். உலகம் முழுவதும் விமானங்களுக்கான ஆபத்துக்கால அலைவரிசை. நான் விமான நிலைய ரேடியோ பிரிவில் இருந்த காலத்தில் அதற்கென்று தனி ஸ்பீக்கர் உண்டு. பெரும்பாலும் ஊமையாகவே இருக்கும். ஒரு இரவுப் பணியில் திடீரென்று அதில் ஒரு குரல். பேனாவோடு எழுந்து நின்றுவிட்டேன். அவர் கேட்டது கிரிக்கெட் ஸ்கோர்!

"ஒரு நிமிஷம்தானே சார், யாருக்கு என்ன நஷ்டம்?" என்பார்கள். நஷ்டம் இருக்கிறது.

35,000 அடி உயரத்தில் பேசும் குரல் சுற்றிலும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கேட்கும். நம் திருத்தணிக்கு மேலே ஒருவர் பேசினால் பெங்களூரு, திருச்சி பக்கம் பறப்பவர் காதிலும் விழும். அதே நேரத்தில் உண்மையாகவே ஆபத்தில் இருப்பவர் கூப்பிட்டால், இரண்டு குரலும் மோதிக் கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சும். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. வெட்டிப் பேச்சு கேட்டுக் கேட்டு அலுத்துப்போகிறவர் வால்யூமைக் குறைத்துவிடுவார்.

2017 பிப்ரவரி 16 அன்று மும்பையிலிருந்து லண்டன் போன ஜெட் ஏர்வேஸ் விமானத்துக்கு ஜெர்மனி வானில் தரையோடு தொடர்பு விட்டுப்போனது. உள்ளே 330 பயணிகள். ஜெர்மன் போர் விமானங்கள் பக்கத்தில் வந்து பார்க்க வேண்டியதாயிற்று. இப்படித் தொடர்பு அறுந்த விமானத்தைக் கூப்பிடத்தான் 121.5. விமானிகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

ஒரு காலத்தில் செயற்கைக்கோள்களும் இதைக் கேட்டன. பொய் எச்சரிக்கைகள் குவிந்ததும், இடத்தைத் துல்லியமாகக் காட்ட முடியாததும் சேர்ந்து, 2009 பிப்ரவரி 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆபத்துக் கருவிகளின் சமிக்ஞைக்கு இப்போது 406 மெகாஹெர்ட்ஸ். 121.5-ஐக் கேட்க மிச்சம் இருப்பது மனிதக் காதுகள்தான். அதையும் கெடுத்தால் எப்படி?

ஃப்ளையிங் கிளப்பில் பழகும் பிள்ளைகள், சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். ஆபத்து என்றால் முதலில் பேசிக்கொண்டிருக்கும் கன்ட்ரோலரிடமே சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் 121.5. உயிருக்கு ஆபத்தென்றால் "மேடே" மூன்று முறை. அவசரம், ஆனால் அந்த அளவுக்கு இல்லையென்றால் "பேன் பேன்" மூன்று முறை. வழி தவறினாலும் கூப்பிடலாம், வெட்கப்பட வேண்டாம். கூப்பிட்டால் விசாரணை வருமோ என்று தயங்கியே நேரத்தைக் கோட்டைவிடும் பிள்ளைகள் உண்டு. தரையில் அடித்து இறங்கினால் ஆபத்துக் கருவி தானாக ஒலிக்கத் தொடங்கலாம். எஞ்சினை நிறுத்துமுன் 121.5-ஐ ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாததா? ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் காவடிகளுக்கு நடுவே குழந்தையைத் தொலைத்த தாய் மைக் இருக்கும் இடத்துக்குத்தான் ஓடி வருவாள். அந்த நேரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவன் பூனை போலக் கத்தினால் நாம் சிரிப்போமா? மைக்கைப் பிடுங்கி அந்தத் தாயிடம் கொடுப்போம்.

பேரன் அந்த வீடியோவை அழித்துவிட்டான். நான் சொல்லி அல்ல, அவனாகவே.