கம்ப்யூட்டருக்குள் போன கொட்டு

போன பங்குனியில் பக்கத்து ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் கிழியப் பறை அதிர்ந்தது. சுற்றிப் பார்த்தேன். ஒரு கொட்டுக்காரர் இல்லை. மேடையில் ஒரு பையன், ஸ்டாண்டில் ரிதம் பேட், பக்கத்தில் லேப்டாப். ரெண்டு குச்சியால் ரப்பரில் தட்டுகிறான், பெட்டியிலிருந்து பறை வருகிறது. என்கூட நின்ற எங்க சித்தப்பா நாற்பது வருசம் கொட்டடித்த மனுசன். காதைத் திருப்பிக் கொஞ்ச நேரம் கேட்டார். "ஏப்பா, இது என் அடியில்ல?" என்றார்.

அவர் அடிதான். சிம்புக்குச்சியை லேசாக இழுத்து எடுப்பார், அவர் விரல் உடைந்த நாளிலிருந்து வந்த பழக்கம். அந்த இழுப்பு அப்படியே கேட்டது.

ரெண்டு வருசத்துக்கு முன் காரைக்குடியில் ஒரு வீட்டு மாடிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை, ஒரு கம்ப்யூட்டர், ரெண்டு மைக். அம்மன் பாட்டு, கல்யாண வீடியோவுக்கு மியூசிக் எல்லாம் அங்கேதான் தயாராகிறது. துணைக்கு நானும் போனேன். கொட்டைக் காய்ச்ச வேண்டும், வைக்கோல் கொளுத்த வேண்டும் என்றதும், "வாசல்ல வேண்டாம், முக்குல போய்க் கொளுத்து" என்றான் இருபத்தஞ்சு வயசுப் பையன். அறுபது வயசு ஆளை "நீ, வா, போ". சித்தப்பா அவனைத் "தம்பி" என்றார், நாள் முழுக்க. தண்ணீர் கேட்டபோது டம்ளர் வரவில்லை, கடையிலிருந்து புது பாட்டில் வந்தது. மரியாதையா வேறெதுவுமா என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு யோசனை இல்லை.

அன்றைக்கு அவரைப் பாடம் எதுவும் அடிக்கச் சொல்லவில்லை. சாமிச்சாட்டு, சப்பரத்து அடி, மருள் அடி எதுவும் வேண்டாம். ஒரே ஒரு அடி. அப்புறம் நிறுத்து. இன்னும் மெதுவாக ஒன்று. இன்னும் பலமாக ஒன்று. நடுவில், ஓரத்தில், சட்டியில். ஒவ்வொன்றும் எட்டு, பத்துத் தடவை. "எழவுக்கு ஒத்தையடி அடிக்கிற மாதிரி இருக்கேப்பா" என்று சிரித்தார். சாயங்காலம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்கள். பேர் கேட்கவில்லை.

விசயம் தெரியாத தோழர்களுக்கு: லேப்டாப்போடு சேர்த்த பேடில் ஒலி கிடையாது. ரப்பருக்கு அடியில் பீசோ என்கிற சின்னச் சில்லு இருக்கும். அடியின் அதிர்வை அது மின்சாரமாக்கும். அது கம்ப்யூட்டருக்கு எண்ணாகப் போகும்: எந்த இடத்தில் அடி விழுந்தது என்று ஓர் எண், எவ்வளவு வேகத்தில் என்று 1 முதல் 127 வரை இன்னோர் எண். 1983-ல் வந்த மிடி என்ற ஏற்பாடு இது. அந்த எண்ணைப் பார்த்து, முன்பே பதிந்து வைத்த அடிகளில் பொருத்தமானதை மென்பொருள் எடுத்து விடும். மெதுவாகத் தட்டினால் மெதுவான அடி, ஓங்கினால் ஓங்கிய அடி. ஒரே அடி திரும்பத் திரும்ப வந்தால் மிசின் என்று தெரிந்துவிடும் என்பதற்காகத்தான் எட்டுப் பத்துத் தடவை. பையன் தட்டுவது எண். கேட்பது சித்தப்பாவின் கை. அவரைத் துண்டு துண்டாக அறுத்து வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் கோர்த்துக்கொள்ளலாம்.

1991-ல் ஜெனரல் மிடி என்று உலகத்துக்கே ஒரு பட்டியல் போட்டார்கள். 35-ம் எண்ணிலிருந்து 81 வரை 47 தாள ஒலிகள். பாங்கோ, காங்கோ, மராக்கஸ், விசில்கூட உண்டு. பறை இல்லை. மிருதங்கமும் தபலாவும் இல்லை, அந்த மட்டில் சமத்துவம்.

காரைக்குடிக்கு இந்த வித்தை புதுசல்ல. ஒருத்தர் வாயசைக்க இன்னொருத்தர் பாடும் பின்னணி முறையை 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் தமிழுக்குக் கொண்டுவந்தவர் இந்த ஊர் மெய்யப்பச் செட்டியார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' காரைக்குடி ஸ்டுடியோவில் எடுத்ததுதான். பின்னணி பாடியவர்களின் பேரைப் பிற்பாடு டைட்டிலில் போட்டார்கள், மாலை போட்டார்கள். பின்னணி அடித்தவன் பேரை எந்த டைட்டிலில் தேடுவது?

இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. இன்றைய சிவகங்கை அன்றைக்கு இராமநாதபுரம் மாவட்டம். 1930-ல் கள்ளர் நாட்டார்கள் நம் மக்கள்மேல் எட்டுத் தடைகள் போட்டார்கள், 1931-ல் பதினொன்றாக்கினார்கள். சென்சஸ் கமிஷனர் ஹட்டன் எழுதியே வைத்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி கூடாது, தங்கம் கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது. அதில் ஒன்று, கல்யாணத்துக்கு மேளம் வைக்கக் கூடாது என்பது. எங்க கல்யாணத்துக்கு மேளம் ஆகாது, அவங்க சாவுக்கு மட்டும் பறை வந்தே ஆகணும். எந்த ஒலி எந்த வாசலில் கேட்கலாம் என்று தீர்மானிப்பது ஒலி ரசனை சம்பந்தப்பட்ட காரியமாக இந்த மண்ணில் ஒருநாளும் இருந்ததில்லை.

நம்மிலேயே சிலர் சொல்கிறார்கள்: "நல்லதுதானே தோழர், பேட் வந்தால் அடிமைத் தொழில் ஒழியுது." கொட்டைத் தூக்கி எறிந்த ஊர்க்காரர்களை நான் கும்பிடுகிறேன், அது வேறு. ஆனால் பேட் எங்கே வந்திருக்கிறது, எங்கே வரவில்லை, கண்ணைத் திறந்து பாருங்கள். கோயில் மேடைக்கு வந்திருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கு, பட்டிமன்றத்துக்கு வந்திருக்கிறது. கேத வீட்டுக்கு வரவில்லை. பிணத்துக்கு முன்னால் லேப்டாப்பை விரித்து உட்கார எந்தப் பையன் வருவான்? அங்கே இன்றைக்கும் காலனிக்குத்தான் ஆள் வருகிறது. ஒலியை மட்டும் உரித்துக் கோயிலுக்குள் கொண்டுபோய்விட்டு, ஆளைச் சுடுகாட்டுப் பாதையிலேயே நிறுத்தியாகிவிட்டது. முன்னே ஆளும் ஒலியும் ஒன்றாய் இருந்ததால், ஒலி வேண்டுமென்றால் ஆளைக் கோயில் வாசல் வரைக்குமாவது விட வேண்டியிருந்தது.

இன்னொரு கூட்டம் "மண்ணின் மணம்" பேசுகிறது. எலெக்ட்ரானிக்ஸ் பட்டால் பறை செத்துவிடுமாம், தோலும் தீயுமாகவே இருக்க வேண்டுமாம். தோல் நாற்றம் தெரியாத பல்கலைக்கழகத்து ஐயாமார் இவர்கள். இவர்கள் சொல்வதில் ஒரு உண்மை உண்டு. காய்ச்சிய பறை அடிக்க அடிக்கச் சூடு இறங்கும், சுருதியும் இறங்கும், மறுபடி தீக்குப் போகணும். கம்ப்யூட்டரில் இருப்பது ஒரே சூட்டில் உறைந்த அடி. இருக்கட்டும். அதற்காக எங்க பையன் பேடைத் தொடக் கூடாதா? 2018-ல் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் கானாவும் பறையும் எலெக்ட்ரிக் கிதாரும் சேர்ந்து நின்றபோது எந்தப் பறையும் சாகவில்லை.

அமெரிக்காவில் கிரெகரி கோல்மன் என்றொரு கறுப்பின டிரம்மர். 1969-ல் வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' பாட்டில் சில நொடி தனியாக அடித்தார். அந்தத் துண்டை வெட்டி ஒட்டி ஆயிரக்கணக்கான பாட்டுகள் செய்தார்கள். அவருக்குக் காசு வரவில்லை. 2006-ல் வீடில்லாமல் செத்தார். எங்க சித்தப்பா கதையை ஆங்கிலத்தில் முன்பே எழுதிவிட்டார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. 1957 காப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் நிகழ்த்துவோர் உரிமை சேர்ந்தது. யார் நிகழ்த்துவோர் என்ற விளக்கத்தில் இசைக்கலைஞர் மட்டுமல்ல, பாம்பாட்டியும் வித்தைக்காரரும்கூட இருக்கிறார்கள். 2012 திருத்தம், பதிவை வியாபாரம் செய்தால் ராயல்டி, நிகழ்த்தியவர் என்று பேர் சொல்லப்படும் உரிமை ரெண்டையும் தருகிறது. கொட்டுக்காரன் கலைஞனா என்று அந்த மாடி வீட்டில் கேட்டால் சிரிப்பார்கள். 2025-ல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், நமக்குப் பெருமைதான். சித்தப்பாவுக்கு இன்னும் "ஏய் கொட்டு"தான்.

போன மாதம் எங்க காலனிச் சமுதாயக்கூடத்தில் நாங்களே பதிந்தோம். கடன் வாங்கிய மைக் ரெண்டு, ஹைட்ரஜன் என்ற இலவச மென்பொருள். கூடத்து வாசலிலேயே தீ போட்டோம். ஒற்றை அடிகளோடு, முழுப் பாடங்களையும் சூடு இறங்குகிற வரைக்கும் விட்டுப் பதிந்தோம். அடித்த நாலு பேரின் பேரும் ஊரும் ஒவ்வொரு கோப்பின் பேரிலேயே இருக்கிறது. கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்போம். வியாபாரத்துக்கு என்றால் நாலு பேருக்கும் பங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிளஸ் டூ படிக்கிற எங்க பிள்ளை ஒன்று பழைய சைக்கிள் டியூபை வெட்டி, அடியில் பீசோ ஒட்டி ஒரு பேட் செய்திருக்கிறது. அடிக்கும் ஒலிக்கும் நடுவே கொஞ்சம் தாமதம் வருகிறது, சரி செய்துகொண்டிருக்கிறாள்.

மாடி வீட்டுக்கும் போனோம். சித்தப்பா பேரைப் போடு, வித்த கணக்கைக் காட்டு என்றோம். "அன்னைக்கே காசு குடுத்தாச்சே" என்றான். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். வருகிற திருவிழாவுக்கும் பேட்தான் பேசியிருப்பதாகக் கேள்வி. கேதம் ஒன்று விழுந்தால் காலனிக்கு ஆள் வரும். வருகிற ஆளிடம் லேப்டாப்பைக் கூப்பிட்டுக்கொள்ளச் சொல்வது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டார்.