வட துருவத்துல ரஷ்யாவோட பேச்சை நிறுத்தினது சரியா? (இழை)

அடைப்பான் நோய் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆடு மாடு வளர்க்கிற வீடுன்னா சொல்லவே வேணாம். மருத்துவத்துல அதுக்குப் பேர் ஆந்த்ராக்ஸ். நேத்து வரைக்கும் நல்லா மேய்ஞ்ச மாடு திடீர்னு செத்து விழும். மூக்குல இருந்து உறையாத ரத்தம் வடியும். "அறுக்காதீங்க, தோலை உரிக்காதீங்க, ஆழமா குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைங்க"ன்னு கால்நடை டாக்டர் சொல்வாரு. காரணம் இருக்கு. செத்த உடம்பைத் திறந்து காத்து பட்டா, அந்தக் கிருமி கெட்டியா ஒரு ஓடு கட்டிக்கிட்டு மண்ணுல பல பத்து வருஷம் உயிரோட கிடக்கும்.

இப்ப இதே நோயோட ரஷ்யாவின் வடகோடிக்குப் போவோம். யமால் தீபகற்பம். அங்க நெனெட்ஸ் மக்கள் ரெயின்டீர்னு சொல்ற பனிமான் மந்தைகளை மேய்ச்சுப் பிழைக்கிறாங்க. அங்க நிலத்துக்கு அடியில எப்பவும் உறைஞ்சே கிடக்கும். ஆழமா குழி தோண்ட முடியாது. செத்த மான் மேலாகவே கிடக்கும்.

2016 கோடையில அங்க வெயில் 35 டிகிரியைத் தொட்டுச்சு. உறைஞ்ச மண் வழக்கத்தைவிட ஆழமா இளகிச்சு. 1941-க்கு அப்புறம் அந்தப் பக்கமே வராத ஆந்த்ராக்ஸ் திரும்பி வந்துச்சு. 2,000-க்கும் மேல பனிமான்கள் செத்துச்சு, பல பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. 12 வயசுப் பையன் ஒருத்தன் இறந்துபோனான். "அதான் நோயே இல்லையே"ன்னு மான்களுக்குத் தடுப்பூசி போடுறதை 2007-லயே நிறுத்தியிருந்தாங்க. (இந்த வசனத்தை நம்ம ஊர்லயும் கேட்டிருக்கேன்.)

ஏன் இந்தக் கதைன்னா, வட துருவப் பாதுகாப்புன்னு பேச ஆரம்பிச்சாலே டிவியில போர்க்கப்பல், ஏவுகணை, கிரீன்லாந்து யாருக்குன்னுதான் ஓடுது. அதெல்லாம் முக்கியம்தான். ஆனா அங்க வாழ்ற மனுஷனுக்குப் பாதுகாப்புன்னா இந்த 2016-ம் அதுல சேர்த்தி. அந்தப் பகுதி உலக சராசரியைவிட ஏறக்குறைய நாலு மடங்கு வேகமா சூடாகிட்டு இருக்கு.

இதையெல்லாம் உட்கார்ந்து பேசத்தான் 1996-ல ஆர்க்டிக் கவுன்சில் வந்துச்சு. எட்டு நாடு, கூடவே அந்த மண்ணோட பூர்வகுடி அமைப்புகள். ராணுவ விஷயம் இங்க பேசக்கூடாதுன்னு ஆரம்பத்துலயே எழுதி வச்சுட்டாங்க. கடல்ல தேடி மீட்கிறதுக்கு 2011-ல, எண்ணெய்க் கசிவுக்கு 2013-ல, அறிவியல் ஒத்துழைப்புக்கு 2017-லன்னு அந்த எட்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டாங்க.

2022 பிப்ரவரியில ரஷ்யா உக்ரைனுக்குள்ள புகுந்துச்சு. மார்ச் 3-ம் தேதி மத்த ஏழு நாடுகளும் கவுன்சில் வேலையை நிறுத்தி வச்சாங்க. அப்ப தலைமை நாற்காலியில இருந்ததே ரஷ்யாதான்.

அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மரியுபோல்ல பிரசவ ஆஸ்பத்திரி மேல குண்டு விழுந்ததைப் பார்த்த எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க. தடை போடுங்க, அமைச்சர்கள் கை குலுக்க வேணாம், போட்டோவுக்கு நிக்க வேணாம். எல்லாம் சரி.

ஆனா வட துருவக் கடற்கரையில பாதி ரஷ்யாவோடது. இளகுற மண்ணுல பெரும்பங்கும் அங்கதான். அந்தப் பாதியிலிருந்து அளவீடு வராம வட துருவத்தைக் கணிக்கிறது, பாதி மாவட்டத்துல இருந்து ரிப்போர்ட் வராம மாநிலத்துல டெங்கு கணக்கு எடுக்கிற மாதிரி. வாராவாரம் அந்த ரிப்போர்ட்டை நிரப்புற ஆளா சொல்றேன், வராத ரிப்போர்ட்டை யாரோ ஒருத்தர் 'சைபர்'னு படிச்சுடுவாங்க.

"உலக சுகாதார நிறுவனம் வழியா தகவல் வராதா டாக்டர்?"னு கேப்பீங்க. வரும். பெரும்பாலும் நோய் வெடிச்ச பிறகு வரும். எந்த மண் எவ்வளவு இளகியிருக்கு, பழைய புதைகுழி எங்க இருக்கு, இந்த வருஷம் மான் எதனால சாகுது, இதெல்லாம் விஞ்ஞானிங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டாத்தான் முன்கூட்டியே தெரியும்.

எங்க கேஷுவாலிட்டிக்கு வெட்டுக்குத்து கேஸ் வந்தா பல நேரம் ரெண்டு தரப்பும் ஒண்ணாத்தான் வரும். அடிச்சவன் ஒரு கட்டில்ல, அடிபட்டவன் அடுத்த கட்டில்ல. ரெண்டு பேருக்கும் தையல் போடுவோம், ரெண்டு பேருக்கும் போலீசுக்குத் தகவல் போகும். சிகிச்சை கொடுத்ததால யாரும் நிரபராதி ஆயிடறதில்ல.

பனிப்போர் உச்சத்துல இருந்தப்பவே இது நடந்திருக்கு. பெரியம்மையை உலகத்தை விட்டே ஒழிக்கலாம்னு 1958-ல முன்மொழிஞ்சது சோவியத் டாக்டர் விக்டர் ஜ்தானோவ். பின்னாடி அந்தத் திட்டத்தை வழிநடத்தினது அமெரிக்கரான டொனால்ட் ஹெண்டர்சன். சோவியத் நாடு தடுப்பூசியை அள்ளிக் கொடுத்துச்சு. 1980-ல பெரியம்மை ஒழிஞ்சதா அறிவிச்சாங்க. ஏவுகணையை ஒருத்தர் பக்கம் ஒருத்தர் திருப்பி வச்சுக்கிட்டேதான் ரெண்டு பேரும் இதைச் செஞ்சாங்க.

இப்பவும் முழுசா கதவு சாத்தலை. பாரன்ட்ஸ் கடல்ல காட் மீன் யாருக்கு எவ்வளவுன்னு நார்வேயும் ரஷ்யாவும் போர் ஆரம்பிச்ச பிறகும் பேசி முடிவு பண்றாங்க. கவுன்சிலோட பணிக்குழுக்கள் 2023-ல கடிதம் வழியா, 2024-ல ஆன்லைன்ல மெதுவா வேலையை ஆரம்பிச்சிருக்கு. மீனுக்கு முடியுதுன்னா நோய்க்கும் முடியணும். எண்ணெய், எரிவாயு, முதலீடு பேச்செல்லாம் வெளியவே நிக்கட்டும். நோய், மண், கடல் மீட்பு இந்த மூணுக்கு மட்டும் நேரடித் தொடர்பு வேணும்.

மீட்புன்னு சும்மா சேர்க்கலை. 2023 செப்டம்பர்ல 206 பேரோட 'ஓஷன் எக்ஸ்ப்ளோரர்' சுற்றுலாக் கப்பல் கிழக்கு கிரீன்லாந்துல தரை தட்டிச்சு. கப்பல்ல சிலருக்குக் கோவிட் வேற. மூணு நாள் கழிச்சு ஒரு மீன்வள ஆராய்ச்சிக் கப்பல்தான் இழுத்து விட்டுச்சு. நல்லவேளை, யாருக்கும் காயமில்ல. இதே பெரிங் ஜலசந்தியில நடந்தா? அங்க ரஷ்யத் தீவுக்கும் அமெரிக்கத் தீவுக்கும் நடுவுல நாலு கிலோமீட்டர்கூட இல்ல. யார் பக்கத்துல இருக்காங்களோ அவங்கதான் வரணும்.

நமக்கென்னன்னு நினைக்காதீங்க. இந்தியா 2013-ல இருந்து அந்தக் கவுன்சில்ல பார்வையாளர். ஸ்வால்பார்ட்ல 2008-ல இருந்து 'ஹிமாத்ரி'ன்னு நமக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. கோடியக்கரைக்கு வர்ற கொசு உள்ளான் சைபீரியாவோட வடகோடியில குஞ்சு பொரிச்சுட்டுத்தான் இங்க வருது. பறவைக் காய்ச்சல் 2023-ல அலாஸ்காவுல ஒரு பனிக்கரடியையே கொன்னிருக்கு. பார்வையாளருக்கு ஓட்டு கிடையாதுதான். ஆனா மாஸ்கோவோடயும் ஆஸ்லோவோடயும் ஒரே வாரத்துல பேசக்கூடிய நாடுங்க ரொம்பக் கம்மி, நாம அதுல ஒண்ணு. சைபீரியாவோட நோய்க் கண்காணிப்புத் தகவலை எல்லாருக்கும் திறந்து வைக்கச் சொல்லி டெல்லி கேக்கலாம். கேக்கணும்.