குழாய்க்குள் ஒரு குழாய்!

புளிக்குழம்பை வெறும் பித்தளைப் பாத்திரத்தில் வைத்தால் களிம்பு ஏறிவிடும். அதனால்தான் உள்ளே ஈயம் பூசி வாங்குவார்கள். அடுப்புச் சூட்டையும் எடையையும் பித்தளை பார்த்துக்கொள்ளும். புளிப்பை ஈயம் பார்த்துக்கொள்ளும். எண்ணெய்க் கிணற்றுக்குள் இறங்கும் எஃகுக் குழாய்க்கும் கிட்டத்தட்ட இதே வைத்தியம்தான்!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறது 'சாக்ராக்' எண்ணெய் வயல். ஆழம் சுமார் 2 கிலோமீட்டர். பாறையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்த எண்ணெயை வெளியே எடுக்க, 1972-ல் அங்கே கார்பன் டை ஆக்ஸைடை அழுத்தி உள்ளே அனுப்பத் தொடங்கினார்கள். அந்த வாயு எண்ணெயோடு கலந்து அதை இளக்கிவிடும். இப்படிப்பட்ட வயல்களில் வாயுவையும் தண்ணீரையும் மாற்றி மாற்றிச் செலுத்துவதும் உண்டு.

சிக்கலே அங்கேதான். இரண்டும் சேர்ந்தால் கார்பானிக் அமிலம். சோடாவில் இருப்பதும் அதுதான். சோடா பாட்டிலில் அது சாது. ஆனால் ஆழத்தில், கடும் அழுத்தத்தில், சாதாரண எஃகை அரித்துத் தின்றுவிடும்.

துருப்பிடிக்காத உயர் ரக உலோகத்திலேயே முழுக் குழாயையும் செய்யலாம். விலை எகிறிவிடும். எனவே எஃகுக் குழாய்க்குள், கண்ணாடி இழையும் எபாக்ஸி பிசினும் கலந்து செய்த மெல்லிய குழாயைச் செருகுகிறார்கள். இடைவெளியில் சிமென்ட் கலவை நிரப்புகிறார்கள். எடையையும் அழுத்தத்தையும் தாங்குவது எஃகு. அமிலத்தைத் தாங்குவது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள உள் குழாய்.

பலவீனம் எங்கே? இணைப்புகளில்! ஒரு குழாயின் நீளம் சுமார் 9 மீட்டர். 2 கிலோமீட்டருக்கு இருநூறுக்கும் மேற்பட்ட இணைப்புகள். ஒவ்வொன்றிலும் எஃகு வெளியே தெரியாதபடி ஒரு வளையம் பொருத்த வேண்டும். ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் அமிலம் அங்கே வேலையைத் தொடங்கிவிடும். கம்பியில் கட்டி இறக்கும் கருவிகள் இடித்தாலும் உள் குழாயில் கீறல் விழும்.

இந்தக் குழாய் ஓட்டையானால் மேலே இழுத்து மாற்றிவிடலாம். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் வெளிக் குழாய், மண்ணோடு சிமென்ட் வைத்துப் பூசப்பட்டது. எளிதில் மாற்ற முடியாது. நிலத்தடி நீருக்குக் காவலே அதுதான்.

அதனால் இரண்டு குழாய்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியின் அழுத்தத்தைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறார்கள். காரணமில்லாமல் முள் ஏறினால், எங்கோ கசிகிறது என்று அர்த்தம். உடனே வால்வை மூட வேண்டியதுதான்!