அன்றாடம் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாதது

“ஒரு மாற்றமும் இல்லையே” என்று நோயாளியின் காதுபட எவரும் சொல்லலாகாது என்பது என் கருத்து. அச்சொல் மனத்தைப் புண்படுத்தும் என்பதற்காக மட்டும் அன்று; பெரும்பாலும் அது உண்மையும் அன்று. இதனை எங்கள் குடும்பத்துக்குக் கற்பித்தது வீட்டில் வளர்ந்த ஓர் அந்துப்பூச்சி.

என் தம்பி சாத்தூர்ப் பக்கம் பட்டாசுத் தொழிலில் இருந்தவன். மருந்து தீப்பற்றியதில் வலக்கை முழங்கை வரை வெந்துபோயிற்று. புண் ஆறி வீடு திரும்பிய பின்னரே நீண்ட காலம் தொடங்கியது. தீக்காயத் தழும்பு முதிர்ந்து தணிய ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டும் ஆகும். அது தடித்தெழாதிருக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 23 மணி நேரம் அழுத்த உடை அணியுமாறு அறிவுறுத்தியிருந்தனர். விரல்களை வலி பொறுத்து மடக்கி நீட்டவும் வேண்டும். விருதுநகர் வெயிலில் அவ்வுடையின் புழுக்கத்தை அணிந்தவரே அறிவர். மூன்றாம் மாதம், “இதனால் என்ன பயன்?” என்று அதனைக் கழற்றி வைத்தான், பயிற்சியையும் நிறுத்தினான். நாள்தோறும் அவன் கையைப் பார்த்த நாங்களும் “ஒரு மாற்றமும் இல்லையே” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்நாளில் அவன் மகள் நந்தியாவட்டைச் செடியில் விரல் பருமனுள்ள பச்சைப் புழு ஒன்றைக் கண்டாள். முன்பகுதியில் நீலக் கண்கள் போன்ற இரு புள்ளிகள். வாலருகே சிறு கொம்பு. நந்தியாவட்டை, அரளி இலைகளைத் தின்று வளரும் பெரிய அந்துப்பூச்சியின் புழு அது. அதனைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்து, பழைய கைப்பேசியால் டைம்லாப்ஸ் முறையில் படமாக்கலாம் என்றாள். தம்பியின் இடக்கைக்கு ஒரு வேலை கிடைத்தது.

குறித்த இடைவெளியில் ஒவ்வொரு படமாக எடுத்து, பின்னர் விரைவாக ஓட்டிப் பார்ப்பதே அம்முறை. இங்கிலாந்தின் பெர்சி ஸ்மித் 1910-இலேயே மலர்கள் விரிவதை இவ்வாறு படமாக்கினார். ஐந்து நிமிடத்திற்கு ஒன்று என எடுத்தால் நாளொன்றுக்கு 288 படங்கள். நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் ஒரு நாள் 12 நொடியில் கடந்துவிடும். கைப்பேசி அசையக் கூடாது. சார்ஜரில் இணைந்தே இருக்க வேண்டும். சன்னல் வெளிச்சம் கூடிக் குறைந்தால் படம் மினுங்கும். ஆகவே ஒரே சீராக எரியும் சிறு விளக்கு போதும்.

சில நாளில் புழு பழுப்பேறி, தின்பதை விட்டுக் கீழிறங்கி, சருகுகளை மெல்லிய இழையால் பிணைத்துக் கூட்டுப்புழுவாயிற்று. அதன்பின் ஏறக்குறைய இரண்டு வாரம் கிடந்தது கிடந்தபடியே இருந்தது. காலையும் மாலையும் எட்டிப் பார்த்து, இறந்துவிட்டதோ என ஐயுற்றோம். உள்ளேயோ புழுவின் உடற்பகுதிகள் பல கரைந்து, சிறகும் காலும் உருவாகிக்கொண்டிருந்தன. படத்தை ஓட்டியபோது, அதன் நிறம் சிறிது சிறிதாகக் கருத்து வந்ததும், வயிற்றுப் பகுதி அவ்வப்போது நெளிந்ததும் தெளிவாகத் தெரிந்தன. நாள்தோறும் பார்த்த எங்களுள் எவரும் அவற்றைக் கண்டிலோம். ஓரிரவு அது வெளிவந்து, நாங்கள் சாய்த்து வைத்திருந்த சொரசொரப்பான குச்சியில் ஏறி, கசங்கிய சிறகுகளைத் தொங்கவிட்டு விரித்தது.

அப்படத்தைப் பார்த்த தம்பி தன் கையின் பழைய படங்களைத் தேடினான். வீடு திரும்பிய நாளில் நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே 6 செ.மீ. இருந்ததென இயன்முறை மருத்துவர் குறித்திருந்தார். இப்போது அளந்தோம்: 4 செ.மீ. அதே படங்கள் இன்னொன்றையும் காட்டின. பயிற்சியை நிறுத்திய பின் சுண்டுவிரல் உள்நோக்கி வளையத் தொடங்கியிருந்தது. நன்மையைக் காணாத எங்கள் கண் தீமையையும் கண்டிருக்கவில்லை. மறுநாளே மருத்துவமனைக்குச் சென்றோம்.

ஆகவே நெடுநாள் சிகிச்சையில் உள்ளோர் இல்லத்தில் இத்தகைய பதிவு இருத்தல் வேண்டும் என்கிறேன். இரு வாரத்திற்கு ஒருமுறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், அதே தொலைவில், அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். நோயாளியின் சம்மதம் பெற்றே எடுங்கள். உறவினரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பாதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். சிவப்போ சீழோ விரல் இறுக்கமோ தெரிந்தால் அடுத்த படத்துக்காகக் காத்திராதீர்கள்.

பூச்சியைப் படமாக்க விரும்புவோர்க்குச் சில எச்சரிக்கைகள்: ஆறாத புண் உள்ளவர் அறையில் மண்ணும் பூச்சியும் வேண்டா. மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சியைத் தொடலாகாது. அரிப்பும் தடிப்பும் உண்டாகும். அரளி நச்சுச் செடி. நந்தியாவட்டைப் பாலும் கண்ணிலோ புண்ணிலோ படலாகாது. இலையைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுக. சிறகுத் தூள் ஆஸ்துமா உள்ளவர்க்கு ஒவ்வாது போகலாம்.

மனித உடல் பூச்சியைப் போன்றதன்று என்பார் உண்டு. உண்மையே. கூட்டுப்புழுவுக்கு ஒரு தவணை உண்டு. தழும்புக்கு அவ்வாறு நாள் குறிக்க இயலாது. எல்லாக் கையும் பழைய கையாக மீள்வதுமில்லை. அன்றியும், இரண்டு வாரம் மூன்று நிமிடத்திற்குள் ஓடிவிடும் அப்படத்தில் இரவுகளின் நீளம் இல்லை. அரிப்பால் உறங்காதவனும், அவனருகே விசிறியோடு விழித்திருந்த அவன் மனைவியும் எந்தப் படத்திலும் தோன்றார். அந்த இரவுகளைப் படம் குறைத்துவிடாது. அவை வீண்போகவில்லை என்பதை மட்டும் அது காட்டும். உடையை மறுபடி அணிய அவனுக்கு அவ்வளவே போதுமானதாயிற்று.

சென்ற வாரம் அளந்தபோது 3 செ.மீ. அடுத்த படம் ஐப்பசி முதல் நாளில்.