பெட்டிக்குள் உறங்கும் கைக்கடிகாரம்

சென்ற வாரம் எம் மாணவன் ஒருவன் தன் பாட்டனாரின் கைக்கடிகாரத்தைக் கொணர்ந்து, "ஐயா, இதை ஒருவரும் கட்டுவதேயில்லை, பின் எப்படிப் பழுதாயிற்று?" என்று வினவினான். கட்டாமையே காரணம் என்றோம். அவன் நம்பவில்லை. நாமும் ஒரு காலத்தில் நம்பியிருக்க மாட்டோம்.

எம் தந்தையாரிடம் எச்.எம்.டி. ஜனதாக் கடிகாரம் ஒன்று இருந்தது. 1961இல் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய இந்திய நிறுவனத்தினது. 17 கல் பதித்தது. சம்பூர்ப் பத்திரகாளி அம்பாள் திருவிழாவுக்கும் கலியாண வீடுகளுக்கும் மட்டுமே அதனைக் கட்டுவார். ஆயினும் ஞாயிறுதோறும் எடுத்துச் சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டே திரும்ப வைப்பார். 2006 ஏப்ரல் நடுவில் நாட்டின் நேரம் அரைமணி பின்தள்ளப்பட்டது. அம்மாத இறுதியில் நாங்கள் ஊரையே விட்டுப் பெயர்ந்தோம். அப்போது அவர் மடியில் வந்த பொருள்களுள் அதுவும் ஒன்று.

அவருக்குப்பின் அது எம்மிடம் வந்தது. துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்து, பாதுகாத்துவிட்டதாக மகிழ்ந்திருந்தோம். 2016இல் ஊர் திரும்பிய பின் எடுத்துச் சாவி கொடுத்தோம்; ஓடவில்லை. விடாது திருகினோம். குமிழ் கையோடு வந்துவிட்டது!

திறந்து பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. குமிழைப் பொறியோடு இணைக்கும் மெல்லிய தண்டு துருப்பிடித்து முறிந்திருந்தது. கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்று பெட்டியையும் விடுவதில்லை போலும். சக்கரங்களின் அச்சுகளிலிருந்த எண்ணெயோ காய்ந்து பசையாகியிருந்தது. மணிக்கு 18,000 முறை துடிக்கவேண்டிய பொறி பசைக்குள் எவ்வாறு துடிக்கும்?

இடையிடையே ஓட்டுவதனால் எண்ணெய் புதிதாகிவிடாது. ஆனால் குறை முளைக்கும்போதே தெரிந்துவிடும். தந்தையார் காதில் வைத்துக் கேட்டதன் பயன் இதுவே. ஆகவே மாதத்தில் இருமுறையேனும் சாவி கொடுங்கள். கையிற் கட்டியபடி கொடுத்தால் தண்டு ஒருபுறம் வளையும். கழற்றியே கொடுக்க வேண்டும். தடை தோன்றியதும் நிறுத்திவிடுக. முழுச் சாவிக்கு ஏறத்தாழ ஒன்றரை நாள் ஓடும். நாள்காட்டியும் உள்ள கடிகாரமாயின், இரவு 9 மணிக்கும் பின்னிரவு 3 மணிக்கும் இடையில் முள் நிற்கையில் தேதியை மாற்றலாகாது. அவ்வேளையில் உட்சக்கரங்கள் தாமே தேதியை நகர்த்திக் கொண்டிருக்கும்.

தோல்வாரை வியர்வை உலர்த்தாமல் பெட்டியிலிடுவது பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பதாகும். மருந்துப் போத்தல்களில் வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொதியொன்றை உடன் வைப்பது நலம். ஒலிபெருக்கி, கைத்தொலைபேசி முதலியவற்றின் காந்தம் அருகில் வேண்டாம். கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்தால் அன்றைக்கே திருத்துபவரிடம் கொடுங்கள். வெயிலில் காயவைத்து ஆறுதலடைவது வீண். கட்டினாலும் கட்டாவிட்டாலும் நாலைந்து ஆண்டுக்கொருமுறை கழற்றித் துடைத்து எண்ணெயிடல் வேண்டும்.

எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவு 2016இல் மூடப்பட்டுவிட்டது. எமக்கு வேண்டிய தண்டு, ஓடாத வேறொரு ஜனதாவிலிருந்து கிடைத்தது. மாணவனிடமும் அவ்வழியையே கூறி அனுப்பினோம். இப்போது ஞாயிறு காலையில் சாவி கொடுப்பவள் எம் மகள். நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பிந்துகின்றது என்று முறையிட்டபடியே கொடுக்கிறாள்.